வேட்டை வில்லின் குறிகாட்டி: மூன்று பின்னா, நகரும் பின்னா, லேசரா?

காம்பவுண்ட் வில்லில் பொருத்தும் குறிகாட்டியைத் தூரத்தைச் சொல்லித்தான் விற்கிறார்கள். 60 கெஜம் எட்டும், 80 எட்டும், சக்கரத்தைத் திருப்பினால் 100-ம் எட்டும் என்பார்கள். அட்டையில் அடிக்கும் பயிற்சிக்கு இந்தப் பெருமை பொருந்தும்; உயிருள்ள மானை நோக்கி விடும் அம்புக்குப் பொருந்தாது. வேட்டைக் குறிகாட்டியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. நாணை இழுத்துப் பிடித்து நிற்கும் கடைசிச் சில நொடிகளில் அது வில்லாளியின் தலையில் எத்தனை முடிவுகளை ஏற்றுகிறது? அவற்றில் ஒன்று பிசகினால் அம்பு எத்தனை சென்டிமீட்டர் விலகும்? சந்தையில் உள்ள நான்கு வகைக் குறிகாட்டிகளையும் இந்த இரண்டு கேள்விகளால் எடைபோட்டால், விலைப்பட்டியலின் வரிசை பெரிதும் தலைகீழாகிவிடுகிறது.

இது வட அமெரிக்கக் காடுகளின் விஷயம். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குக் கதவடைத்துவிட்டது. இங்கே காம்பவுண்ட் வில் என்றால் அது போட்டி மைதானத்து வில். அமெரிக்காவிலும் கனடாவிலும் உரிமம் எடுத்து, பருவம் பார்த்து, வெள்ளைவால் மானையும் எல்க் என்ற பெரிய மானையும் வில்லால் வேட்டையாடுவது சட்டம் ஒப்பிய வழக்கம். மைதானத்துக்கும் காட்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு தூரம். காம்பவுண்ட் போட்டியில் இலக்கு 50 மீட்டரில் அசையாமல் நிற்கிறது. காட்டில் தூரம் தெரியாது; தெரிந்த தூரமும் மான் நாலடி வைத்தால் மாறிவிடும். போட்டி வில்லில் சிறந்து விளங்கும் கருவி காட்டில் தடுமாறுவது இதனால்தான்.

மிசூரி மாநிலத்து ஹாலஸ் வில்பர் ஆலன் காம்பவுண்ட் வில்லுக்கு 1966-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1969-இல் அது கிடைத்தது. வில்லின் முனைகளில் மையம் விலகிய உருளைகளை வைத்ததே அவர் செய்த புதுமை. நாணை முழுதாக இழுத்ததும் அந்த உருளைகள் திரும்பிச் சுமையைத் தளர்த்திவிடும். 70 பவுண்டு வில் 80 சதவீதம் தளர்ந்தால் கையில் நிற்பது 14 பவுண்டுதான். பழைய மரவில்லை இழுத்தவர் கணநேரத்தில் விட்டாக வேண்டும். காம்பவுண்ட் வில்லாளி நிதானமாகப் பிடித்து நிற்கலாம். நாணில் செருகிய பீப் துளை வழியாகப் பார்த்து, வில்லின் முன்புறம் உள்ள வளையத்தில் ஒளிரும் ஊசிமுனையை, அதாவது பின்னை, இலக்கின் மேல் வைக்க அந்த நிதானம் இடம் கொடுத்தது. அதோடு குழப்பிக்கொள்ளவும் இடம் கொடுத்தது.

அம்பு விழும் கணக்கு

எந்தக் குறிகாட்டியையும் மதிப்பிடுமுன் அம்பின் பாதையைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். வில்லின் விளம்பரத்தில் நொடிக்கு 340 அடி என்று இருக்கும். அது 30 அங்குல இழுப்பு, 70 பவுண்டு விசை, 350 கிரெய்ன் எடையுள்ள மெல்லிய அம்பு என்ற அளவில் சொல்லும் வேகம். வேட்டை அம்பு அதைவிடக் கனமானது. பலருடைய இழுப்பும் 30 அங்குலத்துக்குக் குறைவு. எனவே நொடிக்கு 280 அடி, அதாவது சுமார் 85 மீட்டர் என்று வைத்துக்கொள்வது நியாயம். பீப் துளை அம்புக்கு 10 சென்டிமீட்டர் மேலே இருப்பதாகவும், காற்றுத் தடை இல்லை என்றும் கொள்வோம். உண்மையில் காற்றுத் தடை இருப்பதால் கீழே வரும் விலகல்கள் நிஜத்தில் சற்றே கூடும்.

இந்த அம்பு 20 கெஜத்தில் 23 செ.மீ. விழுகிறது. 30 கெஜத்தில் 51 செ.மீ., 40-இல் 91 செ.மீ., 60-இல் 2 மீட்டருக்கும் மேல். தூரம் மூன்று மடங்கானால் வீழ்ச்சி ஒன்பது மடங்காகிறது. தூரத்தை 5 கெஜம் குறைத்துக் கணித்துவிட்டால் என்ன ஆகும்? மான் 20 கெஜத்தில் நிற்பதாக நினைத்து விட்ட அம்பு, 25-இல் நிற்கும் மானின் மேல் 5 செ.மீ. தாழ்வாகப் படும். 30 என்று நினைத்தது 35 ஆக இருந்தால் 8 செ.மீ.; 40 என்றது 45 என்றால் 12; 60 என்றது 65 என்றால் 18.

வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய உயிர்நிலையை 20 முதல் 25 செ.மீ. விட்டமுள்ள வட்டமாகக் கொள்வது வழக்கம். நடுவிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் 10 முதல் 12 செ.மீ. தான் இடம். வில்லாளியின் கை நடுக்கமும் அந்த இடத்துக்குள்ளேயே அடங்க வேண்டும். 25 கெஜம் வரை தூரக் கணிப்பில் பிசகினாலும் வட்டத்துக்குள் மிச்சம் இருக்கிறது. 40-ஐத் தாண்டினால் ஒரே பிசகு முழு இடத்தையும் தின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு அம்பு படும் இடம் கால் அல்லது வயிறு; அதாவது காயத்தோடு ஓடி எங்கோ கிடந்து சாகும் விலங்கு.

எந்தக் குறிகாட்டியாலும் தீராத இன்னொரு கணக்கும் உண்டு. நாண் அதிரும் ஒலி 40 கெஜத்தை 0.11 நொடியில் கடக்கும், அம்புக்கு 0.43 நொடி வேண்டும். ஒலியைக் கேட்டு உஷாரான மான் துள்ளிப் பாய்வதற்காக முதலில் உடலைத் தாழ்த்தும். அதற்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு நொடி கிடைக்கிறது. 20 கெஜத்தில் இந்த இடைவெளி பாதியாகிவிடும். பின் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், அம்பு போய்ச் சேரும்போது மான் அதே இடத்தில் இருக்கும் என்று எந்தக் கருவியும் உறுதி தராது. கடைக்காரர் சொல்லும் 80 கெஜத்தை இந்தக் கணக்கோடு சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

நிலைத்த பின்கள்

முதல் வகை மிகப் பழையது. ஒரு வளையத்துக்குள் மூன்று, ஐந்து அல்லது ஏழு பின்கள். ஒவ்வொன்றும் ஒரு தூரத்துக்குப் பூட்டப்பட்டிருக்கும். வேட்டையின்போது எதையும் திருப்ப வேண்டியதில்லை. டிராஃபி ரிட்ஜ் நிறுவனத்தின் ரியாக்ட் போன்ற சில, 20-க்கும் 30-க்கும் பின்னைச் சரிசெய்தால் மீதிப் பின்கள் தாமே இடம்பிடிக்கும்படி அமைந்தவை. எளிமையான நிலைத்த பின் குறிகாட்டி 100 டாலருக்கும் குறைவாகக் கிடைக்கிறது.

இதன் பலம் வேகம். மான் 22 கெஜத்திலிருந்து 34-க்கு நடந்தால் கையை அசைக்க வேண்டாம். கண்ணை அடுத்த பின்னுக்கு மாற்றினால் போதும். 35-இல் நின்றால் 30-ன் பின் 8 செ.மீ. தாழ்வாகவும் 40-ன் பின் 9 செ.மீ. உயரமாகவும் அடிக்கும். எனவே இரண்டுக்கும் நடுவில் உயிர்நிலையை வைத்தால் கணக்கு நேராகிவிடும். இன்னொரு பயன் அதிகம் பேசப்படுவதில்லை. 40-ன் பின்னை மானின் மேல் வைத்திருக்கும்போது, 20-ன் பின் மறைக்கும் இடத்தின் வழியாகத்தான் அம்பு 20 கெஜத்தைக் கடக்கும். பார்வைக் கோட்டுக்கு 18 செ.மீ. மேலே அது போகிறது. அங்கே ஒரு கிளை நீட்டிக்கொண்டிருந்தால் அம்பு அதில் பட்டுத் திசைமாறும். அம்பை விடுவதற்கு முன்பே இதைக் காட்டிக்கொடுப்பது பின்வரிசைதான். ஒற்றைப் பின்னால் இது முடியாது.

பலவீனம், பின்னை மாற்றிப் பிடிப்பது. பதற்றத்தில் 20-க்குப் பதில் 30-ன் பின்னை வைத்தால் அம்பு 8 செ.மீ. மேலே போகும். 30-க்குப் பதில் 40 என்றால் 14 அல்லது 15. 40-க்குப் பதில் 50 என்றால் 21. பின்கள் கூடக் கூட இந்தத் தவறுக்கான வாய்ப்பும் கூடுகிறது. 20 முதல் 60 வரை ஐந்து பின்களும் வளையத்துக்குள் 16 மில்லிமீட்டர் உயரத்தில் நெருங்கி நிற்கின்றன. 20 கெஜத்தில் நிற்கும் மானின் மேல் முதல் பின்னை வைத்தால், கீழே உள்ள நான்கும் மானின் உடலில் சுமார் 40 செ.மீ. உயரத்தை மறைத்தபடி தொங்கும். அந்தி மங்கலில் ஐந்து ஒளிப்புள்ளிகளில் எது எதுவென்று எண்ணிக்கொண்டிருப்பது வேட்டைக்காரர் செய்யக்கூடிய வேலை அல்ல. மூன்று பின் பலம். ஐந்து பின் சுமை. ஏழு பின்னை வேட்டைக்குப் பரிந்துரைக்க என்னிடம் காரணம் எதுவுமில்லை.

நகரும் ஒற்றைப் பின்

இரண்டாவது வகையில் ஒரே பின். சக்கரத்தைத் திருப்பினால் வளையம் முழுவதும் மேலும் கீழும் நகரும். விஸ்கான்சினின் எச்எச்ஏ நிறுவனம் ஆப்டிமைசர் என்ற பெயரில் பரவலாக்கியது இந்த வகையைத்தான். பக்கத்தில் ஒட்டிய அளவுநாடாவில் 37 கெஜம் என்று வைத்தால் பின் சரியாக 37-க்கு நிற்கும். இடைவெளியைக் கண்ணால் பங்கிடும் வேலை இல்லை. வளையத்துக்குள் பார்வை மறையாது. எந்தப் பின் என்ற கேள்வியே எழாது.

ஆனால் அந்தக் கேள்வியை இது ஒழிக்கவில்லை. வேறொரு நேரத்துக்குத் தள்ளிவைக்கிறது. வில்லாளி நாணை இழுக்குமுன் தூரத்தை அளந்து சக்கரத்தைத் திருப்பிவிட வேண்டும். இழுத்த பிறகு மான் நடந்தால் இரண்டே வழி: நாணை மெல்ல இறக்கி மீண்டும் திருப்புவது, அல்லது உத்தேசமாக மேலே பிடிப்பது. மான் கண்ணெதிரே நிற்கையில் நாணை இறக்கும் அசைவு அதை விரட்டிவிடும். இதைவிடப் பெரிய ஆபத்து மறதி. காலையில் 40-க்கு வைத்துப் பழகிவிட்டு, மாலையில் 20-இல் வந்த மானுக்கு அப்படியே விட்டால் அம்பு 18 செ.மீ. மேலே போகும், முதுகைக் கீறும் அல்லது மானைத் தாண்டிப் போய்விடும்.

இதற்கு அனுபவஸ்தர்களிடம் ஒரு நல்ல மருந்து இருக்கிறது: பின்னை 25 கெஜத்தில் வைத்து விட்டுவிடுவது. அப்போது அம்பு 10 கெஜத்தில் 2 அல்லது 3 செ.மீ. உயரமாகவும், 20-இல் 4 செ.மீ. உயரமாகவும், 30-இல் 6 அல்லது 7 செ.மீ. தாழ்வாகவும் போகும். 30 கெஜம் வரை எல்லாமே உயிர்நிலைக்குள் அடங்கிவிடுகின்றன. 35-இல் 16 செ.மீ. தாழ்ந்துவிடும், அங்கே கட்டாயம் திருப்பியாக வேண்டும். 30-ஐத் தாண்டி விடமாட்டேன் என்று கட்டுப்பாடு உள்ளவருக்கு இது எளிமையான, நேர்மையான கருவி. அப்படி வைத்துக்கொண்டால் சக்கரத்துக்குக் கொடுத்த கூடுதல் பணத்துக்கு வேலையே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இரண்டும் கலந்தது

மூன்றாவது வகை முதலிரண்டையும் சேர்க்கிறது. வளையத்துக்குள் இரண்டு, மூன்று அல்லது ஐந்து பின்கள். வளையமும் சக்கரத்தால் நகரும். அருகில் வருவதற்கு நிலைத்த பின்கள். தொலைவில் நிதானமாக நிற்பதற்குக் கடைசிப் பின்னைச் சக்கரத்தால் இறக்கிக்கொள்ளலாம். ஓரிகனின் ஸ்பாட்-ஹாக் நிறுவனத்தின் ஃபாஸ்ட் எடி வரிசையில் ஒரே தண்டில் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு புள்ளிகள் வைத்த மாதிரியும் உண்டு. பார்வையை மறைக்காமல் இரண்டு தூரத்தைத் தருவது அதன் சிறப்பு.

ஏட்டில் பார்த்தால் இதுவே முழுமையான விடை. நடைமுறையில் இதற்குள் ஒரு கண்ணி இருக்கிறது. 20, 30, 40 என்று பின் வைத்த வில்லாளி, 55 கெஜத்தில் நின்ற எல்க்குக்காகக் கடைசிப் பின்னை இறக்குகிறார். எல்க் போய்விடுகிறது. சக்கரம் அங்கேயே நிற்கிறது. சற்று நேரத்தில் வேறொன்று 20 கெஜத்தில் வருகிறது. அவர் பழக்கப்படி மேல் பின்னை வைத்து விடுகிறார். ஆனால் மேல் பின் இப்போது 20-க்கானது இல்லை, ஏறத்தாழ 38-க்கானது. அம்பு 16 செ.மீ. மேலே போகிறது. சக்கரத்தைத் தொட்ட கணமே எல்லாப் பின்களும் பொய் சொல்லத் தொடங்கிவிடுகின்றன. வளையத்தைப் பார்த்தால் அது தெரியாது.

எனவே இந்த வகையில் விலை கொடுத்து வாங்க வேண்டிய முதல் அம்சம் நல்ல நிறுத்தம். சக்கரத்தை மேலே திருப்பினால் 20-இல் கண்ணை மூடிக்கொண்டே ‘டக்’கென்று நிற்க வேண்டும். அடுத்தது, கடைசிப் பின் வேறு நிறத்தில் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத கலப்புக் குறிகாட்டி, எத்தனை நுண்சரிசெய்தல் திருகுகள் வைத்திருந்தாலும், வேட்டைக்குத் தகுதியற்றது.

லேசரும் பேட்டரியும்

நான்காவது வகை மின்னணு. 2018-இல் கார்மின் நிறுவனம் ஸீரோ ஏ1, ஏ1ஐ என்ற இரண்டை வெளியிட்டது. ஏ1ஐ-யின் விலை அப்போது சுமார் 1,000 டாலர். வில்லின் பிடியில் உள்ள பொத்தானை அழுத்தினால் லேசர் தூரத்தை அளக்கும். அந்தத் தூரத்துக்கு உரிய ஒளிப்புள்ளி கண்ணாடியில் தோன்றும். நாணை இழுத்த நிலையிலேயே மீண்டும் அளக்கலாம். மேலிருந்து கீழே விடும் கோணத்தையும் அதுவே கணக்கில் சேர்த்துக்கொள்ளும்.

தூரக் கணிப்பு என்ற ஒரே அளவுகோலில் இதற்கு நிகர் எதுவும் இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். முந்தைய மூன்று வகைகளின் குறைகளையும் இது நேராகத் தீர்க்கிறது: எந்தப் பின் என்ற குழப்பம் இல்லை, திருப்ப மறந்த சக்கரம் இல்லை, மான் நடந்துவிட்டதே என்ற தவிப்பு இல்லை. இதை ஆதரிப்பவர்கள் ஒரு வலுவான வாதம் வைக்கிறார்கள்: தூரப் பிழை குறைந்தால் காயத்தோடு தப்பும் விலங்குகளும் குறையும்; அப்படியானால் இதுதானே அறம்?

இந்த வாதத்தை முன்பு போட்ட கணக்கில் வைத்துப் பார்ப்போம். வெள்ளைவால் மானைப் பரணிலிருந்து விடும் அம்புகள் பெரும்பாலும் 30 கெஜத்துக்கு உட்பட்டவை. அங்கே 5 கெஜப் பிழையின் விலை 5 முதல் 8 செ.மீ.; கையடக்கத் தூரமானியால் சுற்றியுள்ள மரங்களை முன்கூட்டியே அளந்து வைத்தவருக்கு அந்தப் பிழைகூட வராது. மின்னணுக் குறிகாட்டியின் லாபம் பெரிதாகத் தெரிவது 50, 60 கெஜத்தில். ஆனால் அங்கே அம்பு அரை நொடிக்கு மேல் காற்றில் இருக்கிறது. மான் நகரும், தாழும், திரும்பும். லேசர் அளந்தது அம்பு கிளம்பிய கணத்தின் தூரத்தை மட்டுமே. லாபம் சிறிதாக இருக்கும் இடத்தில் மாற்றுவழி இருக்கிறது. லாபம் பெரிதாக இருக்கும் இடத்தில் வேறொரு பிழை காத்திருக்கிறது. அறத்தின் பெயரால் இதற்கு அளிக்கும் ஆதரவு இங்கே வலுவிழக்கிறது.

எதிரான மற்றக் காரணங்கள் எளிமையானவை. லேசர் இடையில் உள்ள புல்லிலோ கிளையிலோ பட்டுத் திரும்பினால் பொய்த் தூரத்தைச் சொல்லும். அப்படிச் சொல்லும்போது அதை நம்பாமல் இருக்கக் கண்ணுக்குப் பழக்கம் இருக்காது. பேட்டரி தீர்ந்தால் ஒளிப்புள்ளியே தோன்றாது. கண்ணாடி மட்டும் இருக்கும். இவற்றோடு சட்டமும் குறுக்கே நிற்கிறது. கொலராடோ, ஐடஹோ, மொன்டானா போன்ற மேற்கு மாநிலங்கள் வில்லில் மின்கருவி பொருத்துவதை நெடுங்காலமாகவே கட்டுப்படுத்தி வந்திருக்கின்றன. 1961-இல் தொடங்கிய போப் அண்டு யங் சங்கம் வில்வேட்டைப் பதிவேட்டைப் பராமரிக்கிறது. ஒளிரும் நாக் (அம்பின் வாலில் நாணைப் பற்றும் துண்டு), படம்பிடிக்கும் கருவி ஆகிய இரண்டைத் தவிர வேறு எந்த மின்கருவியும் வில்லிலோ அம்பிலோ இருந்தால் அந்த விலங்கை அது பதிவேட்டில் ஏற்பதில்லை. 1,000 டாலர் கொடுத்து வாங்கிய கருவியைப் பக்கத்து மாநிலத்தில் கழற்றி வைக்க நேரலாம் என்பது சிறிய குறை அல்ல.

எந்த வகைக்கும் பொதுவான சோதனைகள்

வகை எதுவானாலும் தேறியாக வேண்டிய சோதனைகள் நான்கு.

முதலாவது ஒளி. பல மாநிலங்களில் சூரிய உதயத்துக்கு அரைமணி முன்பிலிருந்து மறைவுக்கு அரைமணி பின்புவரை வேட்டைக்கு அனுமதி உண்டு. மான் அதிகம் நடமாடுவது அந்த விளிம்பு நேரங்களில்தான். பின்னின் முனை ஒளியிழையால் ஆனது; சுற்றியுள்ள ஒளியைச் சேர்த்துக் கொண்டுவந்து முனையில் காட்டும். இழை நீளமாக இருந்தால் அந்தியில் பிரகாசம். ஆனால் நண்பகலில் அதே முனை விரிந்து பூப்போலத் தெரியும். மொன்டானாவின் பிளாக் கோல்டு நிறுவனம் இழையின் மேல் வெயிலில் கறுக்கும் உறை போட்டு இதைச் சமாளிக்கிறது, பாராட்டத்தக்க தீர்வு. பேட்டரியில் எரியும் சிறு விளக்கும் உண்டு. ஆனால் மேலே சொன்ன சட்டச் சிக்கல் அதற்கும் பொருந்தும்.

இரண்டாவது பின்னின் பருமன். கண்ணிலிருந்து பின் சுமார் 75 செ.மீ. தள்ளி இருப்பதாகக் கொண்டால், 0.029 அங்குலப் பின் 40 கெஜத்தில் 3.6 செ.மீ. அகலத்தை மறைக்கும், 0.019 பின் 2.4 செ.மீ.; 0.010 பின் 1.2 செ.மீ. மிக மெல்லியது அட்டைக்கு அழகு. அந்தியில் வயதான கண்ணுக்குக் காணாமல் போய்விடும். 0.019 நடுவழி.

மூன்றாவது ரசமட்டம். வில்லை 3 பாகை சாய்த்துப் பிடித்தாலே 40 கெஜத்தில் அம்பு 5 செ.மீ. பக்கவாட்டில் போகும். வளையத்தின் அடியில் உள்ள குமிழ் இதைத் தடுக்கவே இருக்கிறது. சமதளத்தில் சரியாக இருக்கும் குமிழ் மலைச்சரிவில் பொய் சொல்லக்கூடும். வளையம் கதவு கீலில் திரும்புவதுபோல் சற்றே உள்ளோ வெளியோ திரும்பியிருந்தால், வில்லைக் கீழ்நோக்கிச் சாய்க்கும்போது குமிழ் தவறான இடத்தில் நிற்கும். இதைத் திருத்துவதைத்தான் மூன்றாம் அச்சுச் சரிசெய்தல் என்கிறார்கள். 6 மீட்டர் உயரப் பரணிலிருந்து 20 கெஜத்தில் விடுபவருக்குக் கோணத்தால் வரும் வித்தியாசம் ஒரு கெஜம்தான். அவருக்கு இது பெரிய பொருட்டில்லை. ராக்கி மலைச்சரிவில் 30 பாகைச் சாய்வில் 40 கெஜம் விடுபவருக்கு அம்பின் கணக்குத் தூரம் 35 கெஜம்; கோணத்தை மறந்தால் 12 செ.மீ. உயரப் பிழை. அவருக்குக் கோணம் சேர்த்துக் காட்டும் தூரமானியும் மூன்றாம் அச்சும் கட்டாயம்.

நான்காவது உறுதி. ஒவ்வோர் அம்புக்கும் வில் அதிர்கிறது. அதிர்ச்சியில் திருகு தளரும். கடைந்தெடுத்த அலுமினிய உடல், பின்னைச் சுற்றி உலோகக் காப்பு, பூட்டுத் திரவம் தடவிய திருகு ஆகியவை இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் காப்புள்ள குறிகாட்டி மரத்தில் ஒருமுறை இடித்தால் பின் வளையும். காட்டுக்குள் அதை நேர்செய்தாலும் மீண்டும் அளவிட வழியில்லை.

தீர்ப்பு

பரணிலிருந்து வெள்ளைவால் மானை வேட்டையாடுபவருக்கு நிலைத்த மூன்று பின் குறிகாட்டியே முதலிடம்: 20, 30, 40 கெஜம், 0.019 அங்குலப் பின், உலோகக் காப்பு, ரசமட்டம். இழுத்த நிலையில் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றே ஒன்று, அது கண்ணாலேயே முடிகிறது. தூரக் கணிப்பு 5 கெஜம் பிசகினாலும் 30 கெஜத்துக்குள் விலகல் 8 செ.மீ. அளவிலேயே அடங்குகிறது. கலப்பு வகையின் பாதி விலைகூட இதற்கு ஆகாது. மிச்சப் பணத்தில் ஒரு கையடக்கத் தூரமானி வாங்கிக்கொள்ளலாம். அது மின்னணுக் குறிகாட்டி செய்யும் வேலையில் பெரும்பகுதியை வில்லைத் தொடாமலே செய்துவிடும்.

மேற்கின் திறந்த வெளியிலும் மலைச்சரிவிலும் எல்க் வேட்டைக்குப் போகிறவருக்கு மூன்று பின் போதாது என்ற ஆட்சேபம் நியாயமானது. அவருக்கு மூன்று பின் கொண்ட கலப்பு வகை; ஆனால் 20-இல் உறுதியான நிறுத்தமும், நிறம் மாறிய கடைசிப் பின்னும், மூன்றாம் அச்சும் இருந்தால் மட்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் நிலைத்த பின்னுக்கே திரும்பிவிடலாம்.

நகரும் ஒற்றைப் பின்னுக்கு இரண்டாம் இடம். பல புள்ளிகளைப் பார்த்தால் கண் தடுமாறுகிறவர்களும் புதிதாகத் தொடங்குகிறவர்களும் அதை 25-இல் பூட்டிவைத்து 30-க்குள் விடட்டும். ஐந்துக்கு மேற்பட்ட பின்களும் லேசர் குறிகாட்டியும் இந்த மதிப்பீட்டில் தேறவில்லை. முன்னது முடிவுகளைப் பெருக்குகிறது. பின்னது தூரத்தைச் சரியாகச் சொல்லிவிட்டு, அந்தத் தூரத்திலிருந்து விடலாமா என்ற பெரிய கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டதாக நம்பவைக்கிறது.

வாங்குமுன் உங்கள் மாநிலத்தின் இந்த ஆண்டு விதிப்புத்தகத்தைப் பாருங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. வாங்கிய பின், பருவம் தொடங்குமுன், வேட்டை முனை பூட்டிய அம்பால் ஒவ்வொரு பின்னையும் அதற்குரிய தூரத்தில் சோதித்துப் பாருங்கள். உங்கள் அம்புகள் 20 செ.மீ. வட்டத்துக்குள் தவறாமல் விழும் கடைசித் தூரமே உங்கள் எல்லை. அதற்கு அப்பாலுள்ள பின்னைக் கழற்றிவிடுங்கள்.